கொடிக்கம்பி

வாடகை ஒப்பந்தம், பதினோராம் விதி:
சுவரிலோ கூரையிலோ ஆன்டெனா கூடாது.
பன்னிரண்டாம் விதி:
முற்றத்துத் துணிக்கொடி நைந்துபோனால்
குடியிருப்பவர் தம் செலவில் மாற்றிக்கொள்ளலாம்.
பன்னிரண்டை நான் ஏழு முறை படித்தேன்.

பீல் நகரம், நவம்பர்.
ஏரியில் எழுந்த பனிமூட்டம்
மட்ரெட்ச் தெருவில் வந்து உட்கார்ந்தால்
வாரக்கணக்கில் எழுந்திருக்காது.
பகலெல்லாம் கடிகாரத் தொழிற்சாலையில்
மயிரிழையில் பத்தில் ஒரு பங்கை அளக்கிறவள் நான்.
மாலையில் வேண்டியிருந்ததோ
ஏழு மீட்டருக்கும் குறைவான கம்பி,
அதை எங்கே வெட்டுவது என்று
சொல்லத் தெரிந்த ஒரு புத்தகம்.

நூலகத்தில் கிடைத்ததில் முந்நூறு பக்கமும் சமன்பாடுகள்.
மழையில் இணைப்பு நனையுமே, அதற்கு என்ன செய்ய?
ஒரு வரி இல்லை.
பெர்னிலிருந்து தபாலில் வரவழைத்தேன் இன்னொன்றை,
நாற்பத்திரண்டு பிராங்க்.
வழவழத் தாளில் ஒரு கோபுரம்,
கோபுரத்தைச் சுற்றிப் புல்வெளி,
புல்வெளியின் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டு.
நிலம் இல்லாதவள் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

மூன்றாவது, பழைய பொருள் கடையில்,
பனிச்சறுக்குக் காலணிக்கும் ஃபாண்டூ சட்டிக்கும் நடுவே.
நான்கு பிராங்க். அட்டை இல்லை.
அச்சு ஜெர்மன். ஓரமெல்லாம் பென்சில்,
பாதி ஜெர்மன் பாதி பிரெஞ்சு, இந்த ஊரைப் போலவே.
எண்பத்தேழாம் பக்கத்தில்
நூற்று நாற்பத்திரண்டரையை அலைவரிசையால் வகு என்று
அச்சு அதிகாரமாய்ச் சொல்ல,
அடியில் அந்தக் கை எழுதியிருந்தது:
"உறை போட்ட கம்பிக்கு இது பொய்.
பக்கத்துக்குப் பதினோரு சென்டி குறை.
இரண்டு முறை வெட்டினேன்,
மூன்று முறை திட்டினேன்."
கடையிலேயே சிரித்துவிட்டேன்.

ஆனாலும் சனிக்கிழமை
அச்சைத்தான் முதலில் நம்பினேன். படித்த புத்தி.
நடுவில் பிளாஸ்டிக் நறுக்குப்பலகையில் ஒரு துண்டு,
இரண்டு முனையிலும் பழைய கோட்டின் பெரிய பொத்தான்கள்,
இரும்புக் கம்பத்திலிருந்து முனையைத் தள்ளிவைக்க
முழங்கை நீளம் நைலான் கயிறு.
மீட்டர் முள் மூன்றைத் தாண்டி நின்று
என்னைப் பார்த்தது.
பென்சிலுக்குப் பணிந்து பதினோரு சென்டி வெட்டினேன்.
முள் ஒன்றேகாலில் வந்து படுத்துக்கொண்டது.

புதன், திருமதி ஏபர்சோல்டின் சலவை முறை.
"கம்பி நன்றாயிருக்கிறது, துருவே இல்லை" என்றபடி
இரண்டு ஈரப் போர்வைகளை என் இருபத்தோரு மெகாஹெர்ட்ஸில்
விரித்துப் போட்டார்.
அவை காய்ந்து கூடைக்குப் போகும்வரை
விசையை நான் தொடவில்லை.
முனையில் கை பட்டால் சுடும்;
அதையும் பென்சில்தான் சொல்லியிருந்தது.

அடுத்த சனி மதியம்
தா-தி-தா-தித், தா-தா-தி-தா
என்று யாரையாவது அழைத்தபடி
ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தேன்.
அசோரஸ் தீவிலிருந்து டுவார்ட்டே என்றொருவர்.
உன் சத்தம் மெலிசு, ஆனால் தெளிவு. ஆன்டெனா என்ன?
துணிக்கொடி.
தி-தி-தா-தா-தி-தித்: ஒரு கேள்விக்குறி.
து-ணி-க்-கொ-டி, நிதானமாக மறுபடி அடித்தேன்.
கடல் முழுக்க இரைச்சல்.
பிறகு:
"இங்கே மூன்று நாளாய் மழை.
என் துணியெல்லாம் வீட்டுக்குள்."

ராத்திரி பென்சில் சீவி
எண்பத்தேழாம் பக்கத்தில் அவர் எழுத்துக்குக் கீழே,
இருந்த இடத்தில் நெருக்கி,
தமிழில் எழுதினேன்:
ஈரப் போர்வை இரண்டு, நானூறு கிலோஹெர்ட்ஸ் இறக்கும்.
தலையணை உறை பரவாயில்லை.
நான்கு பிராங்குக்கு அடுத்து வாங்குகிறவருக்கு
இந்த எழுத்து தெரியாமல் போகலாம்.
400 என்ற எண்ணை மட்டும்
இரண்டு முறை அழுத்தி அடிக்கோடிட்டேன்,
பக்கத்தில் சின்னதாய் ஒரு போர்வை வரைந்து.