மூடி

வேலம்பாளையத்து லைன் வீட்டில்
அட்டாலிக்குக் கீழே, அடுப்புக்கு அந்தப் பக்கம்
ரெண்டு லிட்டர் சோடா பாட்டில் ஒன்று.
உள்ளே ஜூஸ்கடைச் சாத்துக்குடித் தோல்,
ஒரு கை நாட்டுச்சர்க்கரை,
முக்கால் பாகம் தண்ணீர்.
மூன்று மாதம் புளிக்கவிட்டால்
தரைக்குப் பினாயில் வாங்க வேண்டாம்.

ஒரே ஒரு வேலைதான் அதற்கு.
காலையில் மூடியைத் திருகி
ஒரு புஸ்ஸை வெளியே விட வேண்டும்.
அதை அவர்தான் செய்வார்.
பனியனில் பிசிறு வெட்டி வெட்டி
என் கட்டைவிரல் இப்போது
கத்திரிக்கோலைத் தவிர
எதற்கும் வளையாது.

கம்பெனியின் கட்டிங் வேஸ்ட்டில்
வெள்ளை, சாம்பல், கறுப்பு எப்போதும் உண்டு.
சிவப்பு அபூர்வம்.
எங்கோ பனி விழும் ஊரின் டிசம்பருக்காக
ஆகஸ்டில் பதினோரு நாள் ஓடும், அவ்வளவுதான்.
அந்தப் பதினோரு நாளும்
சூப்பர்வைசர் தாமோதரன் முகத்தைப் பார்த்து நின்று
ஓர் அரிசிப் பை நிறையச் சேர்த்தேன்.
விரல் அகலத்துக்குக் கிழித்து
ஓர் இழுப்பு இழுத்தால் துணி தானே சுருண்டுகொள்ளும்.
மூன்று புரியாகப் பின்னினால்
மிதியடிக்குக் கரை.

அந்தப் பையை அவர்
ஒர்க்‌ஷாப் கனகுக்குக் கொடுத்துவிட்டார்,
கிரீஸ் துடைக்க,
நாற்பது ரூபாய்க்கு.
"வேஸ்ட்டுன்னுதான புள்ள
பையில எழுதியிருந்துச்சு?"
எழுதியிருந்தது.
எழுதினது நான்தான்.

அப்புறம் பேச்சு இல்லை.
பூந்திக்கொட்டை ஊறின தண்ணீரில்
அவர் சட்டையை மட்டும் கடைசியாக அலசினேன்.
அனுப்பர்பாளையத்துப் பித்தளைப் போசியைப்
புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பிலேயே
பக்கத்து வீட்டு ருக்மணிக்குப் புரிந்துவிட்டது.
சோறு வைப்பேன். தின்பார்.
தட்டு மட்டும் சத்தம் போடும்.
மூடியை அவர் திறந்திருப்பார் என்று நான்.
அவள் வேணும்னா திறந்துக்கட்டும் என்று அவர்.

நாலாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு
வெடித்தது.

"சிலிண்டர்!" என்று ஆறு வீட்டுக் கதவும் திறந்தது.
ருக்மணி பையனைத் தூக்கிக்கொண்டு
ரோட்டுக்கே ஓடிவிட்டாள்.
நாங்கள் ரெண்டு பேரும்
தலையில் தோல் வழிய நின்றோம்.
மளிகைக்கடைக் காலண்டரில்
அமாவாசைக்கு மேல் ஒரு சாத்துக்குடித் துண்டு.
"தொறக்கலயா நீ?"
"நீங்க தொறக்கலீங்களா?"
வீட்டு ஓனர் டார்ச்சோடு வந்து
ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"ஏனுங்க, சாராயமா காச்சறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவருக்கு வரவில்லை.
அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயப்பட்டறையிலிருந்து காலோடு ஒட்டி வந்த நீலம்,
நிலைப்படியிலிருந்து பொடக்காலி வரைக்கும்
ஏழு வருடமாக நடந்துகொண்டிருந்த நீலம்,
பாட்டில் கொட்டின இடத்தில் மட்டும்
கொஞ்சம் வெளுத்திருந்தது.
ஒரு சாப்பாட்டுத் தட்டளவு தரை,
நாங்கள் குடிவந்த அன்றைக்கு இருந்த தரை.
அது தெரிந்ததும்
மிச்ச வீடெல்லாம் அழுக்காகத் தெரிந்தது.
அவர் பழைய பனியனால், நான் கரையில்லா மிதியடியால்,
தரையில் கிடந்ததை ஒற்றி ஒற்றி
ஒன்றரை மணி வரை தேய்த்தோம்.
இன்னொரு தட்டளவு வந்தது.
அதற்கு மேல் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம்
ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு பிடி சிவப்பு கொண்டுவந்தார்.
மிஞ்சினது அதுதான், கிரீஸோடு.
பூந்திக்கொட்டையில் மூன்று தடவை,
அடுப்புச் சாம்பலில் ஒரு தடவை.
போகவில்லை. அப்படியே பின்னிவிட்டேன்.
மிதியடிக்கு ஒரு மூலையில் மட்டும்
ஒரு சாண் கரை.
வருகிற ஒறம்பரையெல்லாம்
ஏன் பாதியில விட்டுட்டீங்க என்று
காலைத் துடைத்துக்கொண்டே கேட்கிறார்கள்.

புதுப் பாட்டிலின் மூடியில்
அவர் கோணி ஊசியைக் காய்ச்சி
ஒரு துளை போட்டிருக்கிறார்.
பழ ஈ மொய்க்கிறது.
மொய்க்கட்டும்.