தோன்றா எழுவாய்

ஐந்நூறு சொற்கள். வெள்ளிக்கிழமைக்குள்.
காரணம் மூன்றுக்குக் குறையக் கூடாது,
விளைவும் அப்படியே.
"உங்கள் பகுதியில் நடந்த சிக்கலான நிகழ்வு ஒன்று"
பலகையில் எழுதி அடிக்கோடிட்டார் ஹெப்சிபா மேடம்.
கோடு முடியுமுன் சாக்பீஸ் உடைந்தது.
தமிழிலேயே எழுதலாம் என்றதும்
வகுப்பு மூச்சு விட்டது.

நான் யோசிக்கவே இல்லை.
மடிப்பாக்கம், எங்கள் குறுக்குத் தெரு.
மழைநீர் வடிகாலுக்கென்று தோண்டி
ஆடியிலிருந்து ஐப்பசிவரை
வாயைத் திறந்து கிடந்த பள்ளம்.
அதில் விழுந்த மாவுக்கடை குணவதி அக்கா.

முதல் காரணம்: ஒப்பந்ததாரர்.
அவரை யாரும் பார்த்ததில்லை, எழுதச் சுலபம்.
இரண்டாவது: பதினேழாம் எண் மின்கம்பம்.
எரியவில்லை என்று மூன்று முறை புகார்,
மூன்று முறையும் "சரிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி.
மூன்றாவது: மழை.
மழையைத் திட்டினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.
பள்ளிக்கரணைக்குப் போக வேண்டிய தண்ணீர்
எங்கள் வாசலில் வழி கேட்டு நிற்கிறது
என்றும் ஒரு வரி சேர்த்தேன்.
அது எனக்கே பிடித்திருந்தது.

விளைவுகள் மளமளவென்று வந்தன.
வலது கால், இரண்டு இடத்தில்.
ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள்.
கிரைண்டர் கடனில் இரண்டு தவணை பாக்கி.
மகன் லோகு இடைப்பருவத் தேர்வில்
கணக்கு எழுதப் போகவில்லை.
தெருவில் ஒரு வாரம் எல்லா வீட்டிலும் உப்புமா.
இதை எழுதி அடித்துவிட்டேன்,
ஆனால் அதுவும் விளைவுதான்.

எண்ணிப் பார்த்தேன்: நானூற்று அறுபது.
நாற்பது சொல் குறைகிறது.

அன்று இரவு ஒன்பதே கால்.
பள்ளத்துக்கு முன்னால் தகரத் தடுப்பு,
"பணி நடைபெறுகிறது, சிரமத்திற்கு வருந்துகிறோம்".
என் வண்டி போக ஒரு முழம் வழியில்லை.
இறங்கினேன். இழுத்தேன். சுவரோரம் சாய்த்தேன்.
திரும்ப வைக்கலாம் என்றுதான்.
சட்டை நனைந்திருந்தது. போனில் நாலு சதவீதம்.
வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.
தோசை.
அவள் மாவு.

பத்து மணிக்கு மேல் ஏதோ சத்தம்.
யாரோ குப்பைத் தொட்டியை உருட்டுகிறார்கள் என்றார் அப்பா.
பிறகு ஓடினோம்.
டார்ச் வெளிச்சத்தில் பள்ளத் தண்ணீர் முழுக்க வெள்ளை.
பாக்கெட்டெல்லாம் உடைந்து
மாவு மெதுவாக, யாருக்கும் அவசரமில்லாததுபோல்
பரவிக்கொண்டிருந்தது.
தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன்.
வலியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு
"தம்பி நல்லா இருக்கணும்" என்றாள்.
இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

எழுதினேன்:
"தடுப்பு அகற்றப்பட்டிருந்தது."
சுத்தமான வாக்கியம். சோப்புப் போட்டுக் கழுவிய கைபோல.

எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது.
எழுவாய் வெளியே தெரியாவிட்டாலும்
வினைக்குள் ஒளிந்திருக்கும்.
'வந்தேன்' என்றால் உள்ளே நான் இருக்கிறேன்.
'இழுத்தேன்' என்றாலும்.
'அகற்றப்பட்டிருந்தது' என்னும் சொல்லைத்
தட்டிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன்,
உள்ளே ஆளில்லை.
தகரமே எழுந்து நடந்துபோய்ச்
சுவரில் சாய்ந்துகொண்டிருக்கிறது.

இருபதுக்குப் பதினாறரை.
மழை வழி கேட்ட வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக்.
கடைசிப் பத்தியில் சிவப்பு வட்டம்,
ஓரத்தில் ஒரே சொல்:
யாரால்?

பள்ளத்தை மூடிவிட்டார்கள்.
தகரம் இன்னும் சுவரோரம்தான், அதன்மேல்
யார் வீட்டுப் போர்வையோ காய்கிறது.
குணவதி அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து
காலை நீட்டியபடி மாவு அளக்கிறாள்.
என் தூக்கில் மட்டும் எப்போதும்
ஒரு கரண்டி கூடுதல்.
போதும்க்கா, என்கிறேன்.
அவள் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள்.