மழைக்கு நிற்காத வாசிப்பு

கிசுமுவில், ஏரிக்கு இறங்கும் சாலையில்,
மீன்சந்தைக்குப் பின்னால் அந்தத் தகரக் கோயில்.
ஞாயிறு சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது:
விளக்கு போய்விட்டது.
வேதவாசிப்பு பாதியில் நிற்கிறது. உடனே வா.

அதற்கு ஏன் நிற்க வேண்டும்,
வாய் இருட்டிலும் பேசுமே என்று முனகிக்கொண்டு
ஏணியைத் தோளில் போட்டு நனைந்தபடி போனேன்.

வாசலில்தான் புரிந்தது.
உள்ளே ஒருவருக்கும் காது கேட்காது.

மழை தகரத்தை அறைந்துகொண்டிருந்தது.
எங்கள் சபையாக இருந்தால் இந்நேரம்
ஒலிபெருக்கி ஊளையிட்டிருக்கும்,
போதகர் தொண்டை கட்டி உட்கார்ந்திருப்பார்.
இவர்கள் மழைக்கு நிறுத்தவில்லை.
இருட்டுக்கு நிறுத்தியிருந்தார்கள்.
அறுபது பேர், பெஞ்சுகளில்.
ஃபோன் வெளிச்சம் அவரவர் முகத்துக்கே சரியாக இருந்தது.

ஃபியூஸ் பெட்டிக்குள் தண்ணீர்.
காய ஒரு மணி நேரமாவது ஆகும்.
எப்படிச் சொல்வது? கடிகாரத்தைத் தட்டி
ஒரு விரலை உயர்த்தினேன்.

அபோண்டி வந்தாள்.
திலேப்பியா செதில் உரிக்கிறவள்,
விரலெல்லாம் முள் கீறிய தழும்பு.
என் டார்ச்சைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள்.
ஏறு, என்றாள் கட்டைவிரலால்.

மேலே நின்று அவள் கைகள்மேல் வெளிச்சத்தை இறக்கினேன்.
விட்ட இடத்திலிருந்து வேதம் நடந்தது.

அந்த மொழி எனக்குத் தெரியாது. ஆனால்
பத்து விரலும் மேலிருந்து உதிர்ந்தபோது
மழை என்று தெரிந்தது.
மறுபடி உதிர்ந்தன, மெதுவாக, இன்னும் மெதுவாக,
தோளைக் குறுக்கிக்கொண்டு:
இந்த ஊரில் யாரும் கண்டிராத பனி.
பிறகு ஒரு கையின் பிடிக்குள்ளிருந்து
மறு கை துளிர்த்து வெளியே வந்தது.
பிறகு ரொட்டி. பிய்த்து வாயருகே கொண்டுபோனாள்.
முன்வரிசைச் சிறுவன் எச்சில் விழுங்கினான்.

எனக்குப் பழக்கமான அதிகாரம்தான்.
மழை சும்மா திரும்பிப் போகாது, சொல்லும் போகாது.
அதன் கடைசியில்
மரங்கள் கைதட்டும் என்று வரும்.
பன்னிரண்டு வயதில் அதற்குச் சிரித்து
முட்டி போட்டிருக்கிறேன் ஒரு மத்தியானம் முழுக்க.
மரத்துக்கு ஏது கை?

அபோண்டி முழங்கையை ஊன்றி மரமானாள்.
ஒரு மரம். இன்னொன்று. காடு.
பிறகு இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி
மணிக்கட்டைச் சிலிர்க்கவிட்டாள்,
காற்றில் இலை புரள்வது மாதிரி.

அறுபது பேரும் எழுந்தார்கள்.
இவர்கள் கைதட்டுவதே அப்படித்தானாம்,
பிறகு தெரிந்துகொண்டேன்.
நூற்றிருபது கைகள், அரையிருட்டில், உயரே,
ஒன்றோடொன்று மோதாமல் புரண்டு புரண்டு.
குழந்தையை ஏந்திய ஒருத்தி
தன் கை ஒழியாததால்
அதன் கையைப் பிடித்து ஆட்டினாள்.
ரக்வார், லாரி ஓட்டுகிறவர்,
அழுதபடி சிரித்தார், துடைத்துக்கொள்ளவில்லை.
யாரோ பெரிய மத்தளத்தை ஓங்கி அறைய,
அது பலகைத் தரை வழியாக ஏணிக்கால் ஏறி
என் முட்டிக்கு வந்து சேர்ந்தது.

நானும் கையைத் தூக்கிவிட்டேன்.
டார்ச் இருந்த கையை.
வெளிச்சம் கூரையெங்கும் சிதறி ஓடியது,
விரல் நிழல்கள் தகரத்தில் பெரிதாகிக்
காடு காடாய் ஆடின.

அபோண்டி திரும்பி முறைத்தாள்.
தன் கைகளைக் காட்டினாள். இங்கே பிடி. அசையாதே.
இன்னும் ஒரு வசனம் பாக்கி.

முள்ளைப் பற்றியது.