ஊசி நகரவில்லை

ஏலத்தில் எடுத்த ராணுவ ஜெனரேட்டர்.
எஞ்சின் ஓடுகிறது, புகைகூடச் சுத்தம்.
வோல்ட் ஊசி மட்டும்
பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது.

மூன்று வாரமாக ஓரின்
ஃபியூஸ், டையோடு, பிறகு மறுபடியும் ஃபியூஸ்.
வடக்கு டகோட்டாவில் கரண்ட் போய்
பனி ஜன்னல் மட்டத்துக்கு வந்தாயிற்று.

பதினொரு மாட்டைக் கையால் கறந்துவிட்டு
விரல் மடங்காமல் வந்தாள் லாவெர்ன்.
பேனல் கதவின் உள்பக்கம்
அவன் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தாள்.
அடியில் யாரோ ஆணியால் கீறியிருந்தது:
'சும்மா கிடந்தால் காந்தம் மறந்துபோகும்.
பேட்டரியைத் தொட்டுக் காட்டு.'
பேரில்லை.
கீறலுக்குள் ஏதோ ஒரு பாலைவனத்து மணல்.

டிராக்டர் பேட்டரி, இரண்டு ஒயர்,
ஒரு நொடி.
ஊசி துள்ளி
நூற்றிருபதில் நின்றது.

தொழுவத்தில் மாடுகள் கண்ணைச் சுருக்கின.
ஓரின் ஒன்றும் பேசவில்லை.
தொப்பியை
வேறு ஆணியில் மாட்டினான்.