முட்டை

இந்த விளையாட்டில் முட்டை வாங்குபவர்தான் முதல்.
கால் தரையில் பட்டால் ஒன்று.
மறுபடி பட்டால் இரண்டு.
நாற்பத்தொன்றில்
எண்ணுவதை விட்டுவிட்டாள் மெரிட்செல்.

பெர்கா. ஊர் நீச்சல்குளத்தின் பின்புறம்,
குளிர்காலத்தில் யாரும் வராத சிமெண்டுத் தரை.
இருக்கையே இல்லாத சைக்கிள்.
உட்கார முடியாததற்கா இரண்டு மாதச் சம்பளம்
என்றான் தம்பி ஜோஃப்ரெ.

முன்சக்கரம் சற்றே திரும்பியிருக்க வேண்டும்.
பெடல்கள் ஒரே மட்டம்.
பிரேக்கில் ஒற்றை விரல்.
இவ்வளவுதான் என்கிறார்கள்.
இவ்வளவுக்குள்
ஓர் இடப்பக்கம் இருக்கிறது,
ஒரு வலப்பக்கம் இருக்கிறது,
இரண்டும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன.

முன்காலில் பெடலின் பல் வரிசை.
நாய் கடித்ததா என்றார் மருந்துக்கடைக்காரர்.
ஆமாம் என்றாள்.
விளக்குவதைவிட அது சுலபம்.

இன்று பையில் கைபேசி அதிர்ந்தது.
எடுக்க மூன்றாவது கை இல்லை.
வங்கியா?
மேல்மாடி நூரியாவா,
குளியலறை மறுபடி ஒழுகுகிறதா,
எந்தச் சுவர், கூடத்துச் சுவரா,
போன மாதம்தானே வெள்ளையடித்தோம்

அதிர்வு நின்றது.

கீழே சக்கரம்
விரற்கடை முன்னே, விரற்கடை பின்னே,
யாரும் சொல்லாமலே
தூளி போல ஆடிக்கொண்டிருந்தது.

ஐயோ, நிற்கிறேன் என்று நினைத்தாள்.

ஒன்று.