எழுத்துக்கு எத்தனை வாட்

புர்ஜ் ஹம்மூதில், இரண்டு தையற்கடைகளுக்கு நடுவே
என் கடை. பழைய கணினிகள்.
பலகையில் 'ஹ்ராய்ர்' என்ற பெயரில் ஓர் எழுத்து விழுந்து
மூன்று வருடம் ஆகிறது.
அதனால் யாரும் வழி தவறியதில்லை.

நஸீஹ் வந்தார், சட்டைப்பையில் சொந்த வாட் மீட்டர்.
முலாம்பழம் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல்
ஒவ்வொரு பெட்டியையும் அதில் செருகிப் பார்த்தார்.
பெரிய மேசைக் கணினி,
சும்மா இருக்கையிலேயே அறுபத்தெட்டு.
"வேலைக்குப் போகாத மைத்துனன்" என்றார்.
சிரித்தேன். எனக்கும் ஒருவன் உண்டு.

அவர் கணக்கு இது:
நள்ளிரவில் தெரு ஜெனரேட்டர் வாயை மூடும்.
பிறகு விடியும்வரை ஒற்றை பேட்டரி.
அதன் தலையில் குளிர்சாதனப் பெட்டி, ஒரு மின்விசிறி,
இணையப் பெட்டி, கழிவறை விளக்கு.
விரல்களை மடக்கினார், விரித்தார்.
மிச்சமிருந்த சுண்டுவிரலில்தான்
நாநூறு படங்களும் குடியேற வேண்டும்.

தடித்த வட்டு வேண்டாம்,
அது தூங்கி எழும்போதெல்லாம் பசியோடு எழும் என்றார்.
சரி என்று
உள்ளங்கையளவு பலகை ஒன்றை எடுத்து வைத்தேன்.
விசிறியில்லை. மூச்சுச் சத்தமில்லை.
மீட்டர் மூன்றரை காட்டியது.
பேரமே பேசவில்லை மனிதர்.
மூன்றரை, மூன்றரை என்று
பிறந்த குழந்தையின் எடையைச் சொல்வதுபோல்
சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

எட்டாம் நாள் அந்தப் பலகை திரும்பி வந்தது,
சமையலறைத் துண்டில் சுற்றி, ஒரு பெண்ணின் கைப்பையில்.
விதாத். நஸீஹின் மனைவி.
"இடப்பக்கம் நின்று பேசாதீர்கள்,
அங்கே யாரும் இல்லை" என்றார்
தையற்காரர்களுக்கும் கேட்கும்படி.
வலக்காது பாதி. மீதியைப் படித்துக்கொள்வார்.

விஷயம் இவ்வளவுதான்:
பழைய வட்டுகளிலிருந்து எடுத்த படங்கள்.
அவற்றில் வசனவரி எழுத்தல்ல, எழுத்தின் படம்.
காட்சிமேல் அதை ஒட்ட
ஒவ்வொரு சட்டகத்தையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும்.
மூன்றரை வாட்டுக்கு அந்தத் தையல் வராது.
நாயகி வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவாள்.

"எழுத்தை நிறுத்தினால் நன்றாக ஓடுகிறது, பார்"
என்றாராம் நஸீஹ்.
சொன்ன பிறகுதான்
சொன்னது அவருக்கே கேட்டதாம்.
இரண்டு நாளாகப் பாத்திரமெல்லாம் அவர்தான் கழுவுகிறாராம்.

மேலடுக்கில் தேடினேன்.
ஏதோ வங்கிக் கிளை மூடியபோது மொத்தமாக வந்தவற்றில்
திரை நொறுங்கிய மடிக்கணினி ஒன்று.
நொறுங்கியதைக் கழற்றினேன். முகம் போன உடம்பு.
கடைத் திரையோடு இணைத்து மின்சாரத்தில் செருகினேன். ஏழு.
அவர் கொண்டுவந்த படத்தை வசனவரியோடு ஓடவிட்டேன்.
பத்து. பதினான்கு.
பதினேழில் நின்றது.
அரபி வரிகள் தடுக்காமல் வந்தன, நின்றன, போயின.

விதாத் படத்தைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தார்.
"ஆக, நான் பத்து வாட்."

இதற்கு என்ன பதில் சொல்வது?
விலையில் கொஞ்சம் குறைத்தேன்.

அந்நேரம் பார்த்து அரசாங்க மின்சாரம் போயிற்று.
இருபுறமும் தையல் எந்திரங்கள்
பாதித் துணியில் நின்றன.
கடைத் திரை கறுத்தது. மீட்டரிலும் எண் இல்லை.
ஜெனரேட்டர் இருமி, இருமி
இன்னும் எழவில்லை.
முகமில்லாத அந்த உடம்பில் மட்டும்
ஒரு பச்சைப் புள்ளி.
தன் வயிற்றுக்குள் கிடந்த கிழட்டு பேட்டரியில்
அது படத்தை நடத்திக்கொண்டிருந்தது,
பார்க்க யாருமின்றி.

வெளிச்சம் வந்தபோது
நாயகி வேறோர் அறையில் நின்றாள்,
கன்னம் ஈரமாக.

"பின்னால் தள்ளுங்கள்" என்றார் விதாத்,
நாற்காலியை இழுத்துப் போட்டு,
மீட்டருக்கு முதுகைக் காட்டி.
"அவள் என்ன சொன்னாள்?"