ஒன்பதாம் எண்ணுக்குக் கீழே

நான்கு மில்லிமீட்டர்.
ஜன்னல் பக்கத்துக்கும் அடுக்களைப் பக்கத்துக்கும் நடுவே
எங்கள் தரை அவ்வளவு சாய்ந்திருந்தது.
ஃபொக்கோ ரசமட்டத்தை வைத்தார்.
குமிழி நகர்ந்துபோய்க் கோட்டைத் தாண்டி
அங்கேயே உட்கார்ந்துகொண்டது,
கூப்பிட்டால் வராத பூனைபோல.

"க்ரோனிங்கனில் சாயாத தரை ஒன்றைக் காட்டு,
கேக் வாங்கித் தருகிறேன்" என்பாள்
எதிர்வீட்டு ரூல்ஃபீன்.
எத்தனையோ வருடம் அடியிலிருந்து எரிவாயுவை உறிஞ்சினார்கள்.
மேலே செங்கல் வீடுகள்
ஒவ்வொரு நடுக்கத்துக்கும் கொஞ்சம்
மூச்சை விட்டு அமர்ந்தன.
எங்கள் வீட்டில் பதினேழு விரிசல்.
ஆய்வாளர் வந்து ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டிப் போனார்.
ஒன்பதாம் எண்ணுக்குக் கீழேதான்
மீன்தொட்டி வரவேண்டும் என்றார் ஃபொக்கோ.
ஏன் என்று சொல்லவில்லை.

ஐந்நூற்று எழுபது லிட்டர்.
கண்ணாடி, மணல், கல், தாங்கி எல்லாம் கூட்டினால்
முக்கால் டன்.
"ஒரு பசுமாட்டை வீட்டுக்குள் கட்டப்போகிறோம்,
நகரவே நகராத மாடு" என்றேன்.
அவர் டார்ச்சோடு தரைக்கடியில் ஊர்ந்து போனார்.
உத்தரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்து
புருவத்தில் ஒட்டடையோடு வெளியே வந்தார்.
"குறுக்கே வைத்தால் ஐந்து உத்தரம் தாங்கும்."
அன்று அவர் சொன்ன ஒரே முழு வாக்கியம்.

தாங்கி இரும்புச் சட்டம்.
பற்றவைத்துத் தந்தவன் எரிவாயு நிலையத்துப் பழைய நண்பன் ஓமே.
பத்தொன்பது வருடம் இருவரும் அங்கேதான்
குழாய் பொருத்தினார்கள்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
சுவருக்குக் காது உண்டு என்பார்கள்,
எங்கள் சுவருக்கு வாயும் உண்டு.

இரண்டு கால்களுக்கடியில் தகடு செருகினார்,
காகிதம்போல் மெல்லியது, பிறகு இன்னொன்று.
குமிழி நடுவுக்கு வந்தது.
"தரை சாய்வாகத்தானே இருக்கிறது?
கேக் கிடையாது" என்றாள் ரூல்ஃபீன்.

தொட்டியைத் தூக்க ஆறு பேர்.
அடுக்களைக் குழாயிலிருந்து பச்சை ஹோஸ்.
மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் நிறுத்தச் சொன்னார்.
அளவுகோலை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார்.
ரசமட்டத்தை நம்புகிறவர் ஒருமுறை பார்ப்பார்.
தண்ணீரை நம்புகிறவர்
நான்குமுறை பார்ப்பார் போலிருக்கிறது.
ஒரே அளவு.
ஹோஸை மறுபடி திறந்தேன்.

சாயங்காலம் விளக்கைப் போட்டு எதிரே உட்கார்ந்தோம்.
அப்போதுதான் தெரிந்தது.
அந்த நீர்க்கோட்டுக்குப் பின்னால்
ஜன்னல் சட்டம் கோணல்.
புத்தக அலமாரி கோணல்.
என் மாமியார் படம், கதவு, கதவின் மேல் நிலை,
இத்தனை நாள் நேரென்று நாங்கள் பழகிய எல்லாம்
கொஞ்சம் கொஞ்சம் கோணல்.
அவர் எழுந்து படத்தை நிமிர்த்தினார்.
நிமிர்ந்ததும் அது சுவரோடு சண்டைபோட்டது.
பழையபடி சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

செவ்வாய் இரவு மூன்று மணிக்கு
கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
அவ்வளவுதான், இரண்டு நொடி.
கீழே ஓடினோம், வெறுங்காலோடு.
தண்ணீர் இடப்பக்கம் ஏறி
வலப்பக்கம் ஏறி
ஏதோ மறந்துபோனதைத் தேடுவதுபோல்
போய்ப்போய் வந்துகொண்டிருந்தது.
அது ஓய்ந்த பின் அவர் அளவுகோலை எடுத்தார்.
இடது மூலை. வலது மூலை.
"சரியாகத்தான் இருக்கிறது."

விளக்கை அணைக்கப் போனவள் காத்திருந்தேன்.
தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"நாங்கள் முன்னாலேயே நிறுத்தியிருக்கலாம்."
நாங்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை.

மீன்கள் வர இன்னும் ஒரு மாதம்.
தண்ணீர் முதலில் பக்குவப்பட வேண்டுமாம்.
செடியோடு ஒட்டிக்கொண்டு அழையாமல் வந்த
ஒரு நத்தை மட்டும்
பின்பக்கக் கண்ணாடியில்
ஒன்பதாம் எண்ணை நோக்கி
ஏறிக்கொண்டிருந்தது.